ரூல்புக் யார் கையில இருக்கு?

எச்சரிக்கை: இது கொஞ்சம் நீளமான பதிவு. பகடை உருட்டி, கதை சொல்லி ஆடற ஆட்டங்களைப் பத்தினது. "கழுத வயசாச்சு, இன்னும் என்ன வெளையாட்டு?"ன்னு கேக்கற ஆளா இருந்தா இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க. மத்தவங்க ஒரு டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க :-)

டேபிள்டாப் ரோல் பிளேயிங் கேம் ஆடறவங்க நாலு பேர் சேர்ந்தா ஒரு பழைய சண்டை நிச்சயம் வரும். ரூல்புக் அச்சுல வேணுமா, டிஜிட்டல்ல போதுமா? ஒரு கோஷ்டி தாள் வாசனை, கெட்டி அட்டை, அலமாரி அழகுன்னு உருகும். இன்னொரு கோஷ்டி "என் டேப்லட்ல எரநூறு புத்தகம் இருக்கு, உன் முதுகு வலிக்கலையா?"ன்னு கேக்கும். எனக்கு ரெண்டு பக்கமும் கால் இருக்கு. அலமாரியில ஒம்பது புத்தகம், டேப்லட்ல நூத்துச் சொச்சம் பிடிஎஃப். ரெண்டையும் வச்சுக்கிட்டு சில வருஷமா ஆடினதுல எனக்குத் தோணினது, இந்தச் சண்டையில கேள்வியே கொஞ்சம் தப்பு. தாளா திரையாங்கறது ரெண்டாவது விஷயம்தான். மொத விஷயத்துக்கு வர்றதுக்கு முன்னாடி, இந்த ஆட்டம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம்.

ஆட்டம் இதுதான்

அஞ்சாறு பேர் ஒரு மேசையைச் சுத்தி உக்காருவாங்க. ஒருத்தர் கேம் மாஸ்டர். அவர் கதையோட உலகத்தைச் சொல்லுவார்: "குகை வாசல்ல ரெண்டு பூதம் காவல் நிக்குது, என்ன பண்றீங்க?" மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். ஒருத்தர் வாள்வீரன், ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் பூட்டு ஒடைக்கற திருடன். "நான் பூதத்துக்கிட்ட பேச்சு குடுக்கறேன்", "நான் பின்னாடி வழியா போறேன்"னு சொல்லுவாங்க. நடக்குமா நடக்காதாங்கறதுல சந்தேகம் இருந்தா பகடை. எந்தப் பகடை, எத்தனை வந்தா ஜெயம், தோத்தா என்ன ஆகும்... இதெல்லாம் சொல்றதுதான் ரூல்புக்.

இதுக்கெல்லாம் ஆரம்பம் 1974-ல வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதினது. ஒரு சின்னப் பெட்டிக்குள்ள மூணு குட்டிப் புத்தகம், விலை 10 டாலர், மொத அச்சு 1000 பிரதி. இப்ப அதே ஆட்டத்தோட 2024 பதிப்புல ஆடறவங்களுக்கான புத்தகம் மட்டும் 384 பக்கம். பேய் பிசாசுக்கு ஒண்ணு, கேம் மாஸ்டருக்கு ஒண்ணுன்னு இன்னும் ரெண்டு தலையணை தனி.

"வெளையாட்டுக்கு எதுக்குய்யா இத்தனை பக்கம்?" நியாயமான கேள்வி. தெருக்கிரிக்கெட் ஆடினவங்களுக்கு இது சுலபமா புரியும். பக்கத்து வீட்டு காம்பவுண்டுக்குள்ள அடிச்சா அவுட், ஒன் பிட்ச் ஒத்தக் கையில புடிச்சா அவுட். இதெல்லாம் எந்தப் புத்தகத்துலயும் இல்லை, ஆனா ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எல்லாரும் ஒத்துக்கிட்டது. நடுவுல ஒருத்தன் வந்து "எங்க தெருவுல அது அவுட் இல்ல"ன்னு சொன்னா என்ன ஆகும்? பேட்டுக்குச் சொந்தக்காரன் பேட்டைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவான். ரூல்புக்கும் அதேதான். மேசையைச் சுத்தி உக்காந்திருக்கறவங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம். கதைப் புத்தகத்துக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் அது. இந்த "ஒப்பந்தம்"ங்கற வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில வேணும்.

மூணு விதமான வாசிப்பு

ஒரே ரூல்புக்கை மூணு விதமா படிக்கறோம். மொத தடவை ஆட்டம் கத்துக்கப் படிக்கறது. ரெண்டாவது, கேம் மாஸ்டர் அடுத்த வாரத்துக்குத் தயார் பண்றப்ப படிக்கறது. மூணாவது, ஆட்டத்துக்கு நடுவுல, பகடை கையில இருக்கறப்ப, அஞ்சு பேர் மொகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கறப்ப அவசரமா தேடறது. தாளா திரையான்னு சண்டை போடறவங்க பெரும்பாலும் இதுல ஏதோ ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்கிட்டுப் பேசறாங்க.

கத்துக்கறதுக்கு எனக்குத் தாள்தான் சரிப்பட்டு வருது. புத்தகத்தைப் புரட்டறப்ப தேடாத விஷயமும் கண்ணுல படும். மந்திரப் பட்டியல்ல ஒண்ணைத் தேடிப் போய், எதிர்ப் பக்கத்துல இருக்கற இன்னொண்ணைப் பாத்து "அட, இது நம்ம ஆளுக்கு நல்லா இருக்குமே"ன்னு தோணும். கம்ப்யூட்டர்ல தேடினா தேடினது மட்டும்தான் வரும்.

தயார் பண்றதுக்குத் திரை. இதுல எனக்கு சந்தேகமே இல்லை. ஒரு பூதத்தோட விவரத்தை வெட்டி, இன்னொரு புத்தகத்துல இருக்கற பொறியோட சேத்து, ஒரே பக்கமா ஒட்டி பிரிண்ட் எடுத்துக்கலாம். தாள்ல இதைப் பண்ணணும்னா ஜெராக்ஸ் கடைக்கு அலையணும்.

மூணாவதுதான் விவகாரம். நடு ஆட்டத்துல தேடறது.

கண்ட்ரோல் எஃப் போதுமா?

பொட்டி தட்டற ஆசாமிக்கு இதுல என்ன சந்தேகம் இருக்க முடியும்? கண்ட்ரோல் எஃப் அடி, வந்துடும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சேன். நிஜத்துல நடக்கறதைப் பாருங்க.

ஆட்டத்துக்குப் புதுசா வந்தவர் சொல்றார்: "நான் அந்தத் திருடனைப் புடிச்சு வச்சுக்கறேன்." இதுக்கு விதி எங்கே இருக்கு? ரூல்புக்ல இதுக்குப் பேர் கிராப்பிள். அந்த வார்த்தை தெரிஞ்சாதான் தேட முடியும். அவர் பாவம் ஹோல்டுன்னு தேடுவார். ஹவுஸ்ஹோல்டு, த்ரெஷ்ஹோல்டு, அது போக ஆளை அசையவிடாம நிறுத்தற நாலு மந்திரம், எல்லாம் வரிசையா வந்து நிக்கும் :-) சரி, கிராப்பிள்னு தெரிஞ்சு தேடினாலும் அம்பது எடத்துல வரும். அக்டோபஸ் மாதிரி கையுள்ள ஒவ்வொரு மிருகத்துக்கும் அந்த வார்த்தை உண்டு. விதி எழுதியிருக்கற எடம் அதுல ஒண்ணே ஒண்ணு.

நல்ல புத்தகத்துல பின்பக்கம் இருக்கற சொல்லடைவு இந்த வேலையை ஏற்கெனவே ஒரு மனுஷன் செஞ்சு வச்சது. வார்த்தை எங்கெல்லாம் வருதுன்னு அது சொல்லாது. விஷயம் எங்கே இருக்குன்னு சொல்லும். "புடிக்கறதா? கிராப்பிள் பாரு"ன்னு கைகாட்டி விடற சொல்லடைவு இருந்தா அதுக்கு ஈடே இல்லை. மோசமான சொல்லடைவு இருக்கற புத்தகம்னா, அங்கே கண்ட்ரோல் எஃப்தான் தெய்வம். 1979-ல வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடைப் பாத்திருக்கீங்களா? கைகாக்ஸ் மனசுல எந்த வரிசையில தோணிச்சோ அந்த வரிசையில கொட்டியிருப்பார். அதுல ஒரு விஷயம் தேடி எடுக்கறது சந்தையில புள்ளையத் தொலைச்ச கதைதான்.

அப்புறம் எடம் சார்ந்த ஞாபகம்னு ஒண்ணு இருக்கு. நாலஞ்சு தடவை தேடின விதி, அடுத்த தடவை கை தானாப் போய் நிக்கும். "எடது பக்கம், கீழே, அந்தக் கோட்டைப் படத்துக்குப் பக்கத்துல." மூளையில ஒரு கேஷ் மாதிரி. பிடிஎஃப்ல எல்லாப் பக்கமும் ஒரே கண்ணாடிக்குள்ள வந்து போறதால எனக்கு அந்தக் கேஷ் உருவாகவே மாட்டேங்குது. போதாக்குறைக்கு, புத்தகத்துல 72-ம் பக்கம்னு போட்டிருந்தா பிடிஎஃப்ல அது 74. அட்டையும் முன்பக்கங்களும் கணக்குல சேந்துக்கும். ரெட்டைப் பத்தியா அமைச்ச பக்கத்தை ஃபோன்ல படிக்கறது இன்னும் கொடுமை. கீழே போ, மேலே வா, வலது பக்கம் தள்ளு, மறுபடி கீழே போ.

இன்னொண்ணு, இது ஆடிப் பாத்தாதான் தெரியும். விதியில தகராறு வந்து புத்தகத்தை மேசை நடுவுல பிரிச்சா, எல்லாத் தலையும் அதைச் சுத்திக் கூடும். அஞ்சு பேரும் அதே வரியைப் படிப்பாங்க. தகராறு அரை நிமிஷத்துல முடியும். ஃபோன்ல ஒருத்தர் தேடினா, அவர் மட்டும் படிச்சு மத்தவங்களுக்குச் சொல்லணும். "முழுசா படி", "அதுக்கு அடுத்த வரி என்ன?", "எங்கே காட்டு"ன்னு இழுக்கும். நடுவுல அவருக்கு ஒரு வாட்ஸ்அப் வரும். முடிஞ்சுது கதை.

திரைக்கும் வக்காலத்து

இவ்வளவு சொன்னதால என்னைத் தாள் கோஷ்டின்னு முடிவு கட்டிடாதீங்க.

எங்க மேசையில ஒருத்தருக்குப் பார்வைக் கோளாறு. ரூல்புக்காரங்களுக்குப் பொடி எழுத்து, பழுப்புப் பின்னணி, அதுக்கு மேல அலங்காரம்னா தனிப் பிரியம். அவரால அந்தத் தாளைப் படிக்கவே முடியாது. டேப்லட்ல எழுத்தைப் பெருசு பண்ணி, வெள்ளைப் பின்னணியில போட்டுக்கிட்டார். டிஜிட்டல் இல்லேன்னா அவர் ஒவ்வொரு விதிக்கும் இன்னொருத்தரைக் கேட்டுக்கிட்டே இருக்கணும். கண்ணே தெரியாதவங்க திரைவாசிப்பான் வச்சு ஆடறாங்க. அவங்ககிட்ட போய் தாள் வாசனை பத்திப் பேசினா அது அராஜகம்.

தூரமும் காசும் அப்படித்தான். அமெரிக்காவுல அச்சாகற கெட்டி அட்டைப் புத்தகத்தை இந்தியாவுக்கு வரவழைச்சா, கப்பல் செலவும் சேந்து, கல்லூரிப் பையன் கையைச் சுடும். 10 டாலருக்கு பிடிஎஃப் கெடைச்சா நாலு பேர் பங்கு போட்டு வாங்கி ஆட்டத்தை ஆரம்பிச்சுடலாம்.

அப்புறம் தாளுக்கும் சாவு உண்டு. 1985-ல வந்த அன்எர்த்து ஆர்கானா புத்தகம், பைண்டிங் சரியில்லாம பக்கம் பக்கமா உதிர்ந்ததுக்கே பேர் போனது. எங்க கேம் மாஸ்டருக்கு அம்பது வயசுக்கு மேல. டி அண்ட் டியோட 1981 பேசிக் புத்தகம், 64 பக்கம்தான், சின்ன வயசுல வாங்கினதை இன்னும் வச்சிருக்கார். உள்ளட்டையில மூணு பசங்க பேர் பென்சில்ல எழுதியிருக்கு. ஒவ்வொரு பேருக்கும் நேரா அவங்க பாத்திரத்தோட உயிர்ப் புள்ளிகள். எழுதி அழிச்சு, எழுதி அழிச்சு அந்த எடத்துல தாள் மெலிசாகி வெளிச்சம் தெரியுது. அந்த மூணு பேர்ல ஒருத்தர் இப்ப உயிரோட இல்லை. புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில போட்டு அலமாரியில வச்சுட்டு, ஆடறதுக்கு அதே புத்தகத்தோட பிடிஎஃப்பைக் காசு குடுத்து வாங்கியிருக்கார். "இதைத் தொடத் தொடத் தேயும், அதைத் தொட்டா தேயாது"ன்னார். டிஜிட்டலுக்கு இதைவிட நல்ல வக்காலத்தை நான் கேட்டதில்லை. ஆனா கவனிங்க, அவர் பென்சில் எழுத்து இருக்கறது ஒரே ஒரு பிரதியிலதான்.

தாளே டிஜிட்டல் ஆகப் பாத்த காலம்

ரூல்புக்ல ஒரு நிரந்தரத் தலைவலி உண்டு. அச்சாகி வந்த மறுநாளே தப்பு கண்ணுல படும். புதுசா பூதங்கள் வந்துக்கிட்டே இருக்கும். அச்சான தாளை எப்படி அப்டேட் பண்றது?

1981 பேசிக் புத்தகத்துலயும் அதோட ஜோடியான எக்ஸ்பர்ட் புத்தகத்துலயும் பக்க எண்ணுக்கு முன்னாடி பி, எக்ஸ்னு எழுத்து போட்டாங்க. ரெண்டையும் பிரிச்சு ஒரே ஃபைல்ல அடுக்கிக்கலாம்ங்கறது யோசனை. 1989-ல இதையே பெருசா செஞ்சாங்க. ரெண்டாம் பதிப்போட பூதப் புத்தகம் மான்ஸ்ட்ரஸ் காம்பெண்டியம், புத்தகமாவே வரலை. துளை போட்ட உதிரித் தாள்கள், மூணு வளையம் வச்ச ஃபைல். புதுத் தாள் வாங்கினா அகர வரிசைப்படி நடுவுல சொருகிக்கோ. கேக்கறதுக்கு எவ்வளவு அருமையா இருக்கு!

கோட்டை விட்ட எடம் என்னன்னா, ஒரு தாளுக்கு ரெண்டு பக்கம். முன்னாடி ஒரு பூதம், பின்னாடி வேறொரு பூதம். அந்த ரெண்டுக்கும் நடுவுல வரவேண்டிய புது பூதம் வந்தா எங்கே சொருகறது? வரிசை போச்சு. தாளோட துளையும் கிழிய ஆரம்பிச்சுது. 1993-ல "போதும்டா சாமி"ன்னு மான்ஸ்ட்ரஸ் மேனுவல்ங்கற பேர்ல மறுபடி கெட்டி அட்டைப் புத்தகமாவே போட்டாங்க. டேட்டா ஸ்ட்ரக்சர் படிச்ச யாரைக் கேட்டாலும் அந்த வடிவமைப்புல என்ன கோளாறுன்னு சொல்லியிருப்பாங்க :-)

ஆனா ஒரு நல்ல விஷயம் அதுல இருந்துது. எந்தத் தாளை எடுக்கறது, எதைச் சேக்கறதுங்கறது ஃபைலை வச்சிருக்கறவன் கையில இருந்துது. யாரும் ராத்திரி வீடு புகுந்து பழைய தாளை உருவிட்டுப் புதுத் தாளைச் சொருகலை.

பிடிஎஃப் வேற, ஆப் வேற

இங்கேதான் என் விஷயத்துக்கு வரேன். "டிஜிட்டல்"னு ஒரே வார்த்தையில சொல்றோமே, அதுக்குள்ள ரெண்டு ஜந்து இருக்கு. ஒண்ணு ஃபைல். இன்னொண்ணு சேவை.

ஃபைல்னா பிடிஎஃப். காசு குடுத்தா உன் கம்ப்யூட்டருக்கு வந்துடும். ஆர்பிஜிநவ் 2001-லயும், டிரைவ்த்ரூஆர்பிஜி 2004-லயும் இந்தக் கடையைத் திறந்தாங்க. டிரைவ்த்ரூ ஆரம்பத்துல பூட்டு போட்ட பிடிஎஃப்தான் வித்துது. வாங்கினவங்க கத்தினதுல பூட்டு போய், வாங்கினவர் பேரைப் பக்கத்தோட கீழே பொடியா அச்சடிக்கற வழக்கம் வந்துது. எனக்கு இது சம்மதம். என் பேர் எழுதின புத்தகம், அவ்வளவுதான்.

சேவைன்னா, புத்தகம் அவங்க சர்வர்ல இருக்கும். நீ லாகின் பண்ணிப் படிக்கலாம். டி அண்ட் டி பியாண்ட் 2017-ல வந்துது. உண்மையைச் சொல்லணும்னா அது அருமையான மென்பொருள். பாத்திரத்தை உருவாக்கறது, கணக்குப் போடறது எல்லாம் அதுவே பாத்துக்கும், புதுசா வர்றவங்களுக்கு வரப்பிரசாதம். 2022-ல விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்டோட தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோ அதை 14 கோடியே 63 லட்சம் டாலருக்கு வாங்கிச்சு. அஞ்சாம் பதிப்போட மூணு மூலப் புத்தகங்கள் அதிகாரப்பூர்வமா பிடிஎஃப்பா விற்பனைக்கு வந்ததே இல்லை. தாள் வேணுமா தாள், இல்லேன்னா சேவை. ஃபைல்ங்கற நடு வழி கிடையாது.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு மூணு சம்பவம் சொல்றேன்.

2009 ஏப்ரல். டி அண்ட் டி புத்தகங்களைத் திருட்டுத்தனமா பரப்பறாங்கன்னு சொல்லி, விசார்ட்ஸ் தன்னோட எல்லா பிடிஎஃப் விற்பனையையும் ஒரேயடியா நிறுத்திடுச்சு. எட்டு பேர் மேல வழக்கும் போட்டாங்க. ஏற்கெனவே காசு குடுத்து வாங்கினவங்களுக்கும் மறுபடி டவுன்லோட் பண்றதுக்கு மறுநாள் வரைக்கும்தான் அவகாசம். முறையா வாங்கினவங்க விழுந்தடிச்சுக்கிட்டு ஓடினாங்க. மறுபடி விற்பனைக்கு வந்தது 2013-ல. ஆனா டவுன்லோட் பண்ணி வச்சிருந்தவங்க கிட்ட இருந்து யாராலயும் எதையும் புடுங்க முடியலை. ஃபைல் பொழைச்சுது.

2020 ஜனவரி 1. நாலாம் பதிப்புக்காக 2008-ல ஆரம்பிச்ச டி அண்ட் டி இன்சைடர்ங்கற சந்தா சேவையோட கருவிகளை அன்னிக்கு மூடிட்டாங்க. பாத்திரம் உருவாக்கற மென்பொருளை 2010-ல இணையத்துக்கு மாத்தி சில்வர்லைட்ல எழுதியிருந்தாங்க. மைக்ரோசாஃப்டே சில்வர்லைட்டைக் கைகழுவிடுச்சு, சேவையும் போச்சு. நாலாம் பதிப்புக்குத் திருத்தங்கள் ஏகப்பட்டது வந்ததால நெறைய பேர் அந்தக் கருவியைத்தான் நம்பியிருந்தாங்க. அதோட அச்சுப் புத்தகங்கள் இன்னிக்கும் பிரிச்சா பிரியுது.

2024 ஆகஸ்ட். இதுதான் என்னை இந்தப் பதிவு எழுத வச்சது. புதுப் பதிப்பு வரப்போகுது. டி அண்ட் டி பியாண்ட்ல ஒரு அறிவிப்பு: பாத்திரங்களோட பக்கத்துல இருக்கற 2014 மந்திரங்களும் மாயப் பொருள்களும் 2024 வடிவத்துக்கு மாறிடும். பழசு வேணும்னா நீங்களே கையால உருவாக்கிக்கோங்க.

இதுல என்ன பெரிய விஷயம்? ஒரு மேசையை நெனச்சுப் பாருங்க. மூணு வருஷமா ஒரே கதை ஓடுது. மந்திரவாதியா ஆடறவர் கவுண்டர்ஸ்பெல்லை நம்பியே தன் பாத்திரத்தை வளத்திருக்கார். எதிரி போடற மந்திரத்தை முறிக்கற மந்திரம் அது. 2014 விதிப்படி, மூணாம் நிலை வரைக்குமான மந்திரம்னா கேள்வியே இல்லை, முறிஞ்சுடும். 2024 விதிப்படி எதிரி பகடை உருட்டுவான், அவன் தோத்தாதான் முறியும். ஜெயிச்சான்னா இவர் மந்திரம் வீண். க்யூர் வூண்ட்ஸ்ங்கற வைத்திய மந்திரம் இதுக்கு நேர் எதிர். பழசுல ஒரு எட்டுப் பக்கப் பகடை, புதுசுல ரெண்டு.

புது விதி நல்லதா கெட்டதாங்கறது வேற பஞ்சாயத்து. எனக்குப் புதுசுல நெறைய பிடிச்சிருக்கு. ஆனா அந்த மேசையில யாருமே "மாத்திக்கலாமா?"ன்னு பேசிக்கலை. மேசையில உக்காராத ஒருத்தர், ஒரு டெப்லாய்மெண்ட்ல, இவங்க ஒப்பந்தத்தை மாத்தப் பாத்தார். புத்தகம் வச்சிருக்கற ரெண்டு பேருக்கு ஒரு விதி, ஆப் வச்சிருக்கற மூணு பேருக்கு வேற விதி. தெருக்கிரிக்கெட்ல ஆறாவது ஓவர் நடக்கறப்ப ஒன் பிட்ச் கேட்ச் இனிமே அவுட் இல்லைன்னு எங்கேயோ இருந்து ஒரு மைக்கு சொன்னா எப்படி இருக்கும்?

எதிர்ப்பு பலமா கிளம்பினதுல சில நாள்லயே அந்த முடிவை வாபஸ் வாங்கிட்டாங்க. பழைய மந்திரங்கள் அப்படியே இருக்கும்னு சொல்லிட்டாங்க. நல்லது. ஆனா வாபஸ் வாங்கினதும் அவங்கதான். மாத்த முடியும்ங்கற சக்தி அங்கேயே இருக்கு.

மென்பொருள்ல நாம தெனமும் பண்றதுதானே இது. நாம பயன்படுத்தற லைப்ரரியோட வெர்ஷனை எழுதிப் பூட்டி வைக்கறோம். புதுசு வந்தா, நாமளே பாத்து, சோதிச்சு, நமக்குத் தோதான நாள்ல ஏத்தறோம். புரொடக்ஷன்ல தானா அப்டேட் ஆகட்டும்னு விட்டா டீம் லீடு தோலை உரிச்சுடுவார். மூணு வருஷம் ஓடற கதைக்கு அந்த மரியாதை வேண்டாமா?

அச்சுப் புத்தகம்ங்கறது பூட்டி வச்ச வெர்ஷன். டவுன்லோட் பண்ணின பிடிஎஃப்பும் அப்படித்தான். அதனாலதான் எனக்கு பிடிஎஃப் தாளுக்குச் சொந்தக்காரன், ஆப்புக்குத் தூரத்து உறவு மட்டும்தான்.

நல்லபடியா பண்றவங்களும் இருக்காங்க

சிலர் இதை அழகா தீத்து வச்சிருக்காங்க. 2010-ல பிட்ஸ் அண்ட் மார்டர்னு ஒரு ஏற்பாடு வந்துது. அதுல சேந்த பதிப்பாளர்களோட புத்தகத்தைக் கடையில வாங்கினா பிடிஎஃப் இலவசம். ஈவில் ஹேட் மாதிரி ஆளுங்க அதுல இருக்காங்க. எக்லிப்ஸ் ஃபேஸ் ஆட்டத்தை 2009-ல வெளியிட்டவங்க கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல போட்டு, "தாராளமா நண்பர்களுக்குக் குடுங்க"ன்னே சொல்லிட்டாங்க. பைசோவோட பாத்ஃபைண்டர் ரெண்டாம் பதிப்பு (2019) விதிகள் முழுசும் ஆர்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்துல, பைசோவோட அனுமதியோடவே, இலவசமா இருக்கு. புத்தகமும் விக்குது, பிடிஎஃப்பும் விக்குது.

2019-ல வந்த ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸ் இன்னொரு வழி காட்டிச்சு. நான் சொன்ன அதே 1981 விதிகள்தான். ஆனா ஒவ்வொரு விஷயமும் புத்தகத்தைப் பிரிச்சு வச்சா ரெண்டு பக்கத்துக்குள்ள முடியற மாதிரி அமைச்சிருக்காங்க. நடு ஆட்டத்துல பக்கம் திருப்பற வேலையே இல்லை. சர்ச் பட்டனோட போட்டி போடறதுக்குத் தாளுக்குத் தேவைப்பட்டது நல்ல பக்க அமைப்பு மட்டும்தான்.

விசார்ட்ஸும் ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்காங்க, அடி வாங்கினப்புறம்னாலும். 2000-லிருந்து இருந்த திறந்த உரிமத்தை மாத்தப் போறாங்கன்னு 2023 ஜனவரியில வரைவு கசிஞ்சு, ஆடறவங்க கூட்டம் கூட்டமா சந்தாவை ரத்து பண்ணினாங்க. ஜனவரி 27-ம் தேதி அஞ்சாம் பதிப்போட அடிப்படை விதிகளை, எஸ்ஆர்டி 5.1-ஐ, கிரியேட்டிவ் காமன்ஸ்ல விட்டுட்டாங்க. அதைத் திருப்பி வாங்க முடியாது. இனிமே யார் என்ன முடிவு எடுத்தாலும் அந்த விதிகள் எல்லார் கையிலயும் இருக்கும்.

நான் என்ன பண்றேன்

எங்க மேசையில இப்ப இருக்கற ஏற்பாடு இது. எந்த ஆட்டத்தை நீளமா ஆடப்போறோமோ அதுக்கு மூலப் புத்தகம் அச்சுல ஒண்ணு, மேசை நடுவுல. தகராறு வந்தா அதுதான் கோர்ட். மத்ததெல்லாம் பிடிஎஃப், டவுன்லோட் பண்ணி, ரெண்டு எடத்துல காப்பி எடுத்து வச்சது. ஆப் வச்சுக்கறவங்க தாராளமா வச்சுக்கலாம், கணக்குப் போட. ஆனா ஆப்பும் புத்தகமும் வேற வேற சொன்னா புத்தகம் சொன்னதுதான் செல்லும். நாங்களா மாத்தின விதிகளைப் புத்தகத்து ஓரத்துல பென்சில்ல எழுதறோம், தேதி போட்டு, மேசையில இருக்கற எல்லாரும் ஒத்துக்கிட்டப்புறம்.

புதுசா ஒரு ரூல்புக் வாங்கறப்ப நான் என்னையே கேக்கறது ஒரே கேள்வி: பத்து வருஷம் கழிச்சு, இதை வித்த கம்பெனியே இல்லாமப் போனாலும், யார்கிட்டயும் அனுமதி கேக்காம இதைத் திறந்து ஒரு சின்னப் பையனுக்கு ஆட்டம் கத்துக் குடுக்க முடியுமா? முடியும்னா தாளோ ஃபைலோ, எதுவும் சரி. முடியாதுன்னா அது வாடகை. வாடகைக்கு இருக்கறது தப்பில்லை, வாடகைன்னு தெரிஞ்சு இருக்கணும்.

இந்த ஆட்டம் ஆடறவங்க நம்ம ஆளுங்கள்ல யார் யார் இருக்கீங்க? உங்க மேசை நடுவுல என்ன இருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. ஆடாதவங்க, இவ்வளவு தூரம் பொறுமையா படிச்சதுக்கே ஒரு பெரிய கும்பிடு. ஆறு பக்கப் பகடை ரெண்டும், அந்த இலவச எஸ்ஆர்டியும் இருந்தா இந்தச் சனிக்கிழமையே ஒரு கை பாக்கலாம். சரி சரி, இருபது பக்கப் பகடை ஒண்ணும் வேணும் :-)